இரண்டாம் அமர்வுக்கு யாரும் வரவில்லை

பையில எழுதியிருக்கறதப் படிக்கறீங்களா? இருங்க, திருப்பிக் காட்டறேன். 'சங்கிலியிலிருந்து சிறகுக்கு.' கீழ சின்ன எழுத்துல இருக்கறது, 'கறுப்பினப் பெண்ணியமும் பூர்வகுடிப் பெண்களும், பன்னாட்டுக் கருத்தரங்கம்.' தலைப்பு நான் வெச்சதுதாங்க. பை வேணும்னா ஒன்னு எடுத்துக்கங்க, எங்கிட்ட நெறைய மிச்சமாயிடுச்சு. கெட்டித் துணி, காய்கறி வாங்க நல்லா இருக்கும்.

முன்னால மரம் விழுந்திருக்குதாம், கண்டக்டர் சொன்னார். மழைன்னா கூடலூர் ரோட்டுல இப்படித்தான். வெட்டி எடுத்தாத்தான் பஸ் நகரும். நீங்களும் கோயமுத்தூர் வரைக்கும்தானா? நல்லதாப் போச்சு.

நான் கோகிலவாணிங்க. கோயமுத்தூர்ல ஒரு பெண்கள் காலேஜ்ல இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட் தலைவியா இருந்து ரிட்டயர் ஆனவ. எங்க குடும்பத்துல மொதமொதல்ல காலேஜ் படியேறின பொண்ணு. எங்கப்பா ஜாதகத்தக் கையில எடுத்தப்ப எனக்குக் கல்யாணம் வேண்டாம்னு சொன்னேன். ரெண்டு வருஷம் அவர் எங்கூட ஒரு வார்த்தை பேசல. ஒரே வீட்டுல இருந்துட்டு, அம்மா மூலமா 'அவள சாப்பிடச் சொல்லு'ம்பார். நான் இறங்கி வரல. அதனால விடுதலைன்னா என்னன்னு புஸ்தகம் படிச்சுத்தான் எனக்குத் தெரியணும்னு இல்லீங்க. ஆனா புஸ்தகமும் படிச்சேன். கறுப்பினப் பெண்கள் எழுதினத எல்லாம் தேடித் தேடிப் படிச்சேன். வகுப்புல பாடம் நடத்தறப்பவே அழுதுடுவேன். என் மாணவிகள் இன்னைக்கும் சொல்வாங்க, மேடம் அழுத கிளாஸ்னு.

ரிட்டயர் ஆனதும் 'சுடர்ப் பெண்கள் வட்டம்'னு ஒன்னு ஆரம்பிச்சேன். மாசம் ஒருக்கா கூடலூர்ப் பக்கம் ஒரு பணியர் குடியிருப்புக்குப் போவேன். பணியர்னா தெரியுமில்ல? பழங்குடிங்க. அந்தக் காலத்துல நிலத்தோட சேத்து ஆளையும் வாங்கி விப்பாங்க, அப்படி அடிமையாக் கெடந்த சனம். எங்க பெரியப்பா அங்க எஸ்டேட் வாங்கினப்ப வெறுங்காடுதான். யாருமே இல்லாத எடம். கொஞ்சம் பணியருங்க இருந்தாங்க, அவ்வளவுதான். எஸ்டேட்டோட சேந்தே வந்தாங்க. பெரியப்பா அவங்கள ரொம்ப நல்லா வெச்சிருந்தார். வருஷத்துக்கொரு வேட்டி, சேலை. ஒருத்தரக் கை நீட்டி அடிச்சதில்லன்னு பெரியம்மா சொல்வாங்க. மத்தவங்க அடிப்பாங்க.

அந்தக் குடியிருப்புல வெளிச்சின்னு ஒருத்தி. அவளப் பத்தித்தான் சொல்ல வந்தேன். நாப்பது வயசு இருக்கும். புருஷன் இல்ல. தேயிலை பறிக்கப் போவா. அங்க இருக்கற பொம்பளைங்க எல்லாம் அவ சொன்னாக் கேப்பாங்க. என்னைய மொதல்ல பாத்தப்ப 'தம்புராட்டி'ன்னு கூப்பிட்டா. முதலாளி வீட்டம்மாவ அப்படித்தான் கூப்பிடறது பழக்கம். நான் அந்த எடத்துலயே நிறுத்தினேன். 'வெளிச்சி, நாம சமம். என்னைய தோழர்னு கூப்பிடு'ன்னேன். அவ ஒரு மாசம் யோசிச்சுட்டு டீச்சர்னு கூப்பிட ஆரம்பிச்சா. சரி, அதுவும் ஒரு முன்னேற்றம்தான்னு விட்டுட்டேன்.

அவளுக்கு நான் என்னதான் செய்யல? ரேஷன் கார்டுக்கு அலைஞ்சேன். அவ பொண்ணு படிக்கறதுக்கு ஹாஸ்டல்ல எடம் வாங்கிக் குடுத்தேன். சொல்லிக் காட்டறதுக்காகச் சொல்லல. நீங்க புரிஞ்சுக்கணுமேன்னு சொல்றேன்.

கருத்தரங்கம் நடத்தணும்னு முடிவானதும் எடம் தேடினேன். எங்க பெரியப்பா பையன், சேனாபதி அண்ணன், அந்த எஸ்டேட்டத்தான் இப்ப ரிசார்ட் ஆக்கியிருக்கார். ரொம்ப அழகான எடம். மரத்துல கட்டின காட்டேஜ், ஓடைக்கு மேல மூங்கில் பாலம், பெரிய ஹால். அண்ணன் எனக்காக சும்மாவே குடுத்தார். வெளிச்சி இருக்கற குடியிருப்பு அடுத்தாப்லயே, வேலிக்கு அந்தப் பக்கம். எவ்வளவு பொருத்தம் பாருங்க. பழங்குடிப் பெண்கள் மத்தியிலயே நடக்குதுன்னு அழைப்பிதழ்லயே போட்டுட்டேன்.

வேலின்னதும் அதையும் சொல்லிடணும். அண்ணன் ரிசார்ட் கட்டினப்ப சுத்தி வேலி போட்டு, பெரிய இரும்பு கேட் வெச்சு, வாட்ச்மேன் போட்டார். ஆனை வருது, சிறுத்தை வருது, தங்க வர்றவங்களுக்குப் பாதுகாப்பு வேணுமில்ல. அதுல பணியருங்க சாவு அடக்கம் பண்ற எடம் உள்ள மாட்டிக்கிச்சு. ஓடைக்குக் கீழ, கடைசி காட்டேஜுக்குப் பின்னால. அண்ணனுக்கும் சங்கடம்தான். பெட்டிய எறக்கி வெச்சுட்டு டீ குடிக்கறவங்க முன்னால பொணம் போனா எப்படிங்க இருக்கும்?

கருத்தரங்கத்துக்கு முந்தின மழைக்காலத்துல வெளிச்சியோட அம்மா செத்துப்போச்சு. பொடிச்சின்னு பேரு. தூக்கிட்டு வந்திருக்காங்க, வாட்ச்மேன் விடல. கொட்ற மழையில கேட்டுக்கு வெளிய ரொம்ப நேரம் நின்னிருக்காங்க. அப்பறம் திருப்பிக் கொண்டு போய் குடிசைக்குப் பின்னாலயே பொதைச்சுட்டாங்க. அண்ணன் எங்கிட்ட, 'பேசி சுமுகமா முடிச்சாச்சு கோகிலா'ன்னார். நானும் அதோட விட்டுட்டேன்.

வெளிச்சி விடல. ஒவ்வொரு மாசமும் நான் போறப்ப அதையே சொல்வா. 'டீச்சர், அம்மா தனியாக் கெடக்குது. அதோட அம்மா, பாட்டி எல்லாரும் ஓடைக்குக் கீழ இருக்காங்க. உங்க அண்ணன்கிட்டச் சொல்லி ஒரு நாள் கேட் திறக்கச் சொல்லுங்க. வருஷச் சடங்கு செஞ்சு அம்மாவ அவங்களோட சேக்கணும்.' அந்தச் சடங்குக்கு அவங்க பாஷையில ஒரு பேரு சொன்னா. எனக்கு வாயில நுழையல.

நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். 'வெளிச்சி, ஒரு கேட் திறக்கறது சின்ன விஷயம். யாரோ ஒருத்தர் மனசு வெச்சுத் திறந்தா, அது சலுகை. நாம சலுகை கேக்கறவங்க இல்ல. அமைப்பையே மாத்தணும். அதுக்குத்தான் கருத்தரங்கம்.' அவ கேட்டுட்டு, 'அமைப்பு மாத்தினா கேட் திறக்குமா டீச்சர்?'ன்னா. 'எல்லாமே திறக்கும்'னேன். எவ்வளவு நம்பிக்கையோட சொன்னேன் தெரியுமா.

அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மாவ வரவழைச்சேன். டாக்டர் எர்லீன் பிக்கெட். எழுபது வயசு இருக்கும், நல்ல உயரம், கைத்தடி ஊனி நடப்பாங்க. கறுப்பினப் பெண்ணியத்துல பெரிய ஆளு. அங்க தெக்க, கடலோரமா ஒரு தீவுல பிறந்தவங்க. ஏர்போர்ட்ல அவங்களப் பாத்ததும் நான் கட்டிப்பிடிச்சு அழுதுட்டேன். அவங்க என் முதுகத் தட்டிக்குடுத்து, 'பாத்ரூம் எங்க இருக்கு?'ன்னாங்க.

வெளிச்சியையும் அவங்களையும் மொதல்ல சந்திக்க வெச்சது என் வாழ்க்கையில முக்கியமான நிமிஷம். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சு, 'பாருங்க, ஒரே முடி, ஒரே நிறம். நீங்க அக்கா தங்கச்சி. இந்த சனம் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்கினவங்கன்னுகூட ஒரு வெள்ளைக்காரன் எழுதியிருக்கான்'னு இங்கிலீஷ்ல சொன்னேன். தமிழ்லயும் சொன்னேன்.

எர்லீன் அம்மா வெளிச்சியப் பாத்து, 'இவங்க என்ன சொல்றாங்க அதப் பத்தி?'ன்னாங்க.

வெளிச்சி, 'நாங்க எப்பவும் இங்கதான் இருக்கோம்'ன்னா.

நான் மொழிபெயர்த்ததும் அந்தம்மா சிரிச்சுட்டாங்க. 'கப்பல்ல போனது நாங்க. அதுலயும் நாங்களா ஏறல'ன்னாங்க. அத நான் வெளிச்சிக்குச் சொன்னேன். அவளும் சிரிச்சா. எனக்கு என்ன சிரிப்புன்னு புரியல. நான் சொன்னது ஆராய்ச்சிபூர்வமான விஷயம்.

ரெண்டாம் அமர்வுதான் கருத்தரங்கத்தோட உச்சம். 'எதிர்ப்பின் குரல்கள்'. அதுல என் கட்டுரை, அதுக்கப்பறம் வெளிச்சியோட உரை. அவளுக்கான உரைய நானே எழுதிக் குடுத்தேன். அவளுக்குப் படிக்க வராது, அதனால அவ பொண்ணு படிச்சுக் காட்ட இவ மனப்பாடம் பண்ணணும்னு ஏற்பாடு. 'நான் ஊமையாக இருந்தேன். என் தாயும் ஊமையாக இருந்தாள். இன்று முதன்முறையாக எங்கள் குரல் ஒலிக்கிறது.' இப்படித் தொடங்கும். ஒத்திகை பாக்கறப்ப வெளிச்சி கேட்டா, 'டீச்சர், நான் எப்ப ஊமையா இருந்தேன்?'

'அது உருவகம் வெளிச்சி.'

'எங்கம்மா பேசினா ஓடைக்கு அந்தப் பக்கம் கேக்கும் டீச்சர்.'

'அதுவும் உருவகம்தான்'னேன்.

அப்பறம் ஒரு வாரம் கழிச்சு அவளே போன் பண்ணினா. குரல்ல ஒரு உற்சாகம். 'டீச்சர், எங்க ஆட்டமும் வைக்கலாமா? துடி, குழல் கொண்டு வரலாமா?' துடின்னா அவங்க அடிக்கற சின்ன பறை. 'தாராளமா'ன்னேன். 'எத்தன பேரு வரலாம்?' 'எத்தன பேரு வேணும்னாலும்.' 'வயசான பொம்பளைங்களும்?' 'அவங்கதான் முக்கியம்'னேன். 'அரிசி, முறம், பாய் இதெல்லாம் எடுத்துட்டு வரலாமா டீச்சர்? உள்ள விடுவாங்களா?' பாருங்க, மேடை அலங்காரம் வரைக்கும் யோசிச்சிருக்கா. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. பங்கேற்பு, பங்கேற்புன்னு இத்தன வருஷம் சொன்னது வீண் போகலன்னு நினைச்சேன்.

அன்னைக்குக் காலையில குடியிருப்பே தெரண்டு வந்திருந்துச்சு. கெழவிங்க, கைக்குழந்தை வெச்சிருக்கறவங்க, துடி அடிக்கற ஆம்பளைங்க. எல்லாரும் குளிச்சு, நல்ல துணி கட்டி, ரொம்ப அமைதியா கேட்டுக்கு வெளிய நிக்கறாங்க. வாட்ச்மேன் கைய விரிச்சு மறிச்சுட்டு நிக்கறான். பணியருங்கள விடக்கூடாதுன்னு அவனுக்கு நிரந்தர உத்தரவு. நான் எறங்கிப் போனேன். பட்டுச் சேலைய ஒரு கையில தூக்கிப் பிடிச்சுட்டு, 'இவங்க எல்லாரும் என் ஆளுங்க. ஒருத்தர் விடாம உள்ள விடு. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு'ன்னேன். அவன் திறந்தான். போட்டோகூட எடுத்தாங்க. நல்லா வந்திருக்கு.

வெளிச்சி கையில இதே மாதிரி பை. முந்தின நாள் நான்தான் குடுத்தேன். கனமா எதையோ உள்ள வெச்சு, குழந்தையத் தூக்கறாப்ல மார்போட அணைச்சுப் பிடிச்சிருந்தா. சாப்பாடு போலன்னு நினைச்சு, 'சாப்பாடு உள்ளயே போடறோம் வெளிச்சி'ன்னேன். 'சரி டீச்சர்'ன்னா. அம்மா சமாதி மண்ணுங்க அது. பொடிச்சிய பொதைச்ச எடத்துலருந்து எடுத்துட்டு வந்த மண்ணு. எனக்கு எப்படிங்க தெரியும்?

மொத அமர்வுல எர்லீன் அம்மா பேசினாங்க. நான்தான் கூட நின்னு தமிழாக்கம் பண்ணினேன். கோட்பாடு வரும்னு எதிர்பாத்து ரெண்டு நாள் அருஞ்சொல் எல்லாம் தயார் பண்ணியிருந்தேன். அவங்க என்னடான்னா அவங்க தீவுக் கதைய ஆரம்பிச்சுட்டாங்க. அங்க அடிமையா இருந்தவங்க, விடுதலையானதுக்கப்பறம் நிலம் வாங்கி இருந்த ஊரு. பின்னால பணக்காரங்க வந்து, கோல்ஃப் மைதானம் போட்டு, சுத்தி வேலி அடிச்சுட்டாங்களாம். கல்லறை உள்ள மாட்டிக்கிச்சாம். 'எங்கம்மாவுக்குப் பூ வைக்கணும்னா எங்க தம்பி கேட்ல நின்னு சீட்டுக் காட்டி, எதுக்கு வந்தேன்னு பதில் சொல்லணும். அந்த நிலத்த எங்கம்மாவோட அம்மா உழுதவங்க'ன்னாங்க. ரொம்ப நேரம் அதையே பேசினாங்க.

அது தலைப்புக்கு வெளியங்க. நேரமும் ஓடிட்டிருந்துச்சு. அதனால, 'தம் ஊரில் நிலவும் போக்குவரத்துச் சிக்கல்களைக் குறிப்பிட்டார்'னு ஒரு வரியில முடிச்சுட்டேன்.

டீ இடைவேளையில வெளிச்சி எங்கிட்ட வந்தா. 'அந்தம்மா அவ்வளவு நேரம் பேசினாங்க, நீங்க கொஞ்சந்தானே சொன்னீங்க? பேசறப்ப அவங்க மொகம் வேற மாதிரி ஆச்சே டீச்சர்?' நான் வடைய வெச்சுட்டு, 'ஒன்னுமில்ல, அவங்க அம்மாவப் பொதைச்ச எடம் ஏதோ வேலிக்குள்ள இருக்குதாம், கேட்ல கேட்டுட்டுத்தான் போகணுமாம்'னேன். வெளிச்சி நேரா அந்தம்மா உக்காந்திருந்த எடத்துக்குப் போனா. முன்னால நின்னா. பைய விரிச்சுக் காட்டினா. அந்தம்மா உள்ள பாத்தாங்க. வெளிச்சி ஓடைப் பக்கம் கைய நீட்டி, 'அம்மா'ன்னா. அது எல்லாப் பாஷையிலயும் ஒன்னுதானே. கேட்டுப் பக்கம் கையக் காட்டி, விடறதில்லன்னு தலைய ஆட்டினா. அந்தம்மா கைத்தடிய எடுத்துட்டு எந்திரிச்சுட்டாங்க.

நான் தூரத்துலருந்து பாத்துட்டு, ஆட்டத்துக்கு எடம் பாக்கப் போறாங்கன்னு நினைச்சேன்.

மணி அடிச்சு ரெண்டாம் அமர்வத் தொடங்கினேன். கட்டுரையத் திறந்து 'வெளி, உடல், எதிர்ப்பு'ன்னு தலைப்ப வாசிச்சேன். அப்பத்தான் கீழருந்து துடிச் சத்தம் வந்துச்சு. மொதல்ல கேரளாவிலருந்து வந்தவங்க எந்திரிச்சுப் போனாங்க. அவங்களுக்கு அந்த அடி என்ன அடின்னு தெரிஞ்சிருக்கும்போல. பின்னாலயே மாணவிகள். பின்னாலயே டெல்லிக்காரங்க. ஒவ்வொரு வரிசையா காலியாச்சு. நான் நிறுத்தல. நேரம்னா நேரம்தான். கடைசியில மைக் செட் பையனும், ஜக்குல தண்ணி ஊத்திட்டிருந்த ஒருத்தரும்தான். 'மௌனமாக்கப்பட்டவர்கள் எழுந்து நடக்கும் கணத்தில் அரங்கம் இடம் மாறுகிறது'ன்னு ஒரு வரி வரும் அதுல. ரொம்ப நல்ல வரி. தண்ணி ஊத்தினவர்கூட நிமிர்ந்து பாத்தார். முழுக் கட்டுரையும் வாசிச்சுட்டுத்தான் எறங்கினேன்.

எறங்கறதுக்குள்ள சேனாபதி அண்ணன் ஹாலுக்கு ஓடி வந்தார். மொகமெல்லாம் செவந்து போச்சு. 'கோகிலா, உன் ஆளுங்க சுடுகாட்டுல உக்காந்துட்டாங்க. கடைசி காட்டேஜ்ல புதுசாக் கல்யாணமானவங்க தங்கியிருக்காங்க. வந்து எழுப்பிக் கூட்டிட்டுப் போ.'

போனேன். ஓடைக்குக் கீழ புதர வெட்டி எடம் பண்ணியிருந்தாங்க. ரிசார்ட்டுக்காரங்க ஊஞ்சல் ஒன்னு கட்டியிருந்தாங்க அங்க, அதக் கழட்டி ஓரமா மடிச்சு வெச்சிருந்தாங்க. பாய் விரிச்சு, முறத்துல அரிசி. கெழவிங்க வட்டமா உக்காந்து ஒவ்வொரு பேரா சொல்லிக் கூப்பிடறாங்க. செத்தவங்க பேரு. ஒருத்தி மறந்தா அடுத்தவ எடுத்துக் குடுக்கறா. நடுவுல சின்னதா ஒரு குழி. வெளிச்சி மண்டி போட்டு அந்தப் பையிலருந்து மண்ண ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளி உள்ள விடறா. ஏதோ பேசிட்டே விடறா. அழல. வீட்டுக்கு வந்தவங்களுக்குச் சேதி சொல்ற மாதிரி சொல்லிட்டே விடறா. எர்லீன் அம்மா கெழவிங்களோட தரையில உக்காந்திருக்காங்க. முழங்கால் மடக்க முடியாதவங்க, எப்படி உக்காந்தாங்களோ. அவங்க பங்குக்கு ஒரு பேரச் சொன்னாங்க. 'லூயெல்லா.' பக்கத்துல இருந்த கெழவி அத அவங்க பாஷையில இழுத்துக் கூப்பிட்டா. மத்தவங்களும் சேந்து கூப்பிட்டாங்க. கருத்தரங்கத்துக்கு வந்த சனம் முழுக்க செருப்பக் கழட்டிட்டு நின்னாங்க.

என் கண்ணுலகூட தண்ணி வந்துடுச்சு. புகைங்க. சாம்பிராணி மாதிரி எதையோ போட்டிருந்தாங்க.

அண்ணன் என் முழங்கையில இடிச்சார். நான் முன்னால போய், 'வெளிச்சி, இது முறையில்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அனுமதி வாங்கிக் குடுத்திருப்பேனே'ன்னேன்.

அவ நிமிந்து பாத்தா. 'கேட்டுட்டேதான இருந்தேன் டீச்சர்.'

'அதுக்காக இப்படி என்னைய ஏமாத்தலாமா? இது சடங்கு செய்யற நேரமா? அடுத்து உன் உரை இருக்கு.'

'இதுதான் டீச்சர்'ன்னா. திரும்பி மண்ண அள்ள ஆரம்பிச்சுட்டா. அப்பறம் மறுபடி நிமிந்து, 'கொஞ்சம் நகந்து நில்லுங்க டீச்சர். அம்மாவுக்கு வழி விடணும்'ன்னா.

நகந்து நின்னேன். வேற என்ன பண்றது? எல்லாரும் போன்ல படம் எடுத்துட்டிருக்காங்க.

அண்ணன் போலீஸுக்கு போன் பண்ணிட்டார். ஒரு பொண்ணு எஸ்.ஐ. வந்தா, சின்ன வயசு. பாத்தா, நின்னா, பூட்ஸக் கழட்டி வெச்சா. 'எப்ப முடியும்?'னு ஒரு கெழவிகிட்டக் கேட்டா. கெழவி, 'முடியறப்ப'ன்னா. எஸ்.ஐ. ஒரு மரத்துல சாஞ்சு நின்னுக்கிட்டா. அண்ணன் என்னென்னவோ சொல்லிப் பாத்தார். 'கேட்டைத் திறந்து விட்டது உங்க ஆளுதானே சார்? பூட்ட உடைச்சுட்டு வரலியே'ன்னு அவ கேட்டா. அண்ணன் என்னையப் பாத்தார். அவர் எங்கூடப் பேசி இப்ப ஒரு வருஷமாச்சு. எங்கப்பாவே பரவாயில்ல போலிருக்கு.

அத்துமீறி நுழைஞ்சதா அண்ணன் புகார் எழுதிக் குடுத்தார். யாரு உள்ள விட்டாங்கன்னு வாட்ச்மேனக் கேக்க, அவன் நான் சொல்லச் சொன்னத அப்படியே சொல்லிட்டான். மொத பேரு என் பேரு. ரெண்டாவதுதான் வெளிச்சி. ஸ்டேஷன்ல உக்காந்து, எனக்கு எதுவுமே தெரியாது, ஆட்டம்னு சொல்லி என்னைய நம்ப வெச்சாங்கன்னு எழுதிக் குடுத்தேன். உண்மைதானே? வெளிச்சி அங்கதான் நின்னா. என் வாக்குமூலத்த வாசிச்சுக் காட்டினாங்க. 'டீச்சர் சொல்றது சரிதான் சார். அவங்களுக்கு ஒன்னும் தெரியாது'ன்னா. எனக்காக விட்டுக் குடுத்தாளா, வேற எதாச்சும் அர்த்தத்துல சொன்னாளான்னு இன்னைக்கு வரைக்கும் யோசிக்கறேன்.

புகார் நிக்கல. ஆனா அவங்க அதோட விடலீங்க. வாரா வாரம் கேட்டுக்கு வெளிய வந்து பொம்பளைங்க எல்லாம் உக்காந்தாங்க. கோஷம் இல்ல, கொடி இல்ல. துடிய அடிச்சுட்டு, வெத்தல போட்டுட்டு, பேரச் சொல்லிட்டு உக்காந்திருப்பாங்க. ஒரு கூலி நாளப் போக்கிட்டு வர்றாங்க, மழையிலயும் வர்றாங்க. ஒருக்கா வாட்ச்மேன் தண்ணியப் பீச்சி அடிச்சிருக்கான். நனைஞ்சுட்டே உக்காந்திருக்காங்க. எர்லீன் அம்மா அமெரிக்கா திரும்பிப் போய் எல்லா எடத்துலயும் பேசிட்டாங்க. தங்க வர்ற வெளிநாட்டுக்காரங்க கேக்க ஆரம்பிச்சாங்க. சப்-கலெக்டர் வந்து பாத்தார். கடைசியில ஓடைப் பக்கம் வேலிய வெட்டி வழி விட்டாச்சு. பூட்டு இல்லாத வழி. போன மாசம் ஒரு கெழவி செத்துப்போச்சு, அந்த வழியாத்தான் கொண்டு போனாங்க. யாரும் மறிக்கல. பொடிச்சியோட எலும்பையும் எடுத்துட்டு வந்து அங்கயே சேத்துட்டாங்களாம்.

எனக்கு சந்தோஷம்தாங்க. ஆனா ஒரு வருத்தம். ஒரு நாள்கூட என்னைய அந்த உக்கார்ற எடத்துக்குக் கூப்பிடல. நானா போயிருக்கலாம். அண்ணனோட கேட்டுக்கு முன்னால நான் எப்படி உக்கார்றது?

இப்ப எதுக்குப் போறேன்னு சொல்லலியே. நாளைக்கு கோயமுத்தூர்ல எனக்கு விருது. 'பூர்வகுடிப் பெண்களின் நில உரிமைப் போராட்டத்துக்கு வாசல் திறந்தவர்.' எவ்வளவு சரியாப் போட்டிருக்காங்க பாருங்க. வாசல் திறந்தது நான்தானே? நானே எறங்கிப் போய்ச் சொல்லித்தானே வாட்ச்மேன் திறந்தான்? போட்டோவே இருக்கு. என்ன கேக்கறீங்க, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்ததா? அது சட்டத்துக்காகச் சொன்னதுங்க. இது வரலாற்றுக்காக. ரெண்டுமே உண்மைதான்.

மேடையில வெளிச்சி என் பக்கத்துல நிக்கணும்னு ஆசைப்பட்டேன். இன்னைக்குக் காலையில அதுக்குத்தான் போயிருந்தேன். ஒரு சேலைகூட வாங்கிட்டுப் போனேன், கைத்தறி. அவ வாசல்ல உக்காந்து கொள்ளு பொடைச்சிட்டிருந்தா. சேலைய வாங்கி மடியில வெச்சுக்கிட்டா. 'நல்லா இருக்கு டீச்சர். ஆனா நாளைக்கு ஞாயித்துக்கெழமை, எங்க பொம்பளைங்க கூடற நாளு. பக்கத்துக் குடியிருப்புலயும் ஒருத்தர் கேட் போட்டிருக்கார். அதப் பேசணும்'ன்னா.

'விருது வெளிச்சி. அது வாராவாரமா வரும்?'

அவ என்னைய நிமிந்து பாத்தா. கோபமா இல்ல. ஒரு வயசான அத்தையப் பாக்கற மாதிரி பாத்தா. 'நீங்க வாங்க டீச்சர். இங்க வந்து எங்ககூட உக்காருங்க. எடம் இருக்கு'ன்னா. எனக்கு மனசு அப்படியே எளகிடுச்சு. இத்தன நாளைக்கப்பறம் கூப்பிட்டுட்டாளே. 'என்ன தலைப்புல பேசணும்?'னு கேட்டேன்.

'பேச வேண்டாம் டீச்சர். கெழவிங்க பேசுவாங்க, நீங்க கேளுங்க. டீ குடிங்க'ன்னா.

அதான் பஸ் ஏறி வந்துட்டேன். அங்க போய் நான் பேசாம உக்காந்துட்டு என்னங்க பண்றது? நீங்களே சொல்லுங்க.

இருங்க, இருங்க. நான் மொதல்ல முடிச்சுக்கறேன்.